ஷூ கடையில் விட்ட பை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? உன் பேரன் சின்னவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? நான் நன்றாக இருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் ஏற வேண்டும்.

காலையில் ஊரைப் பார்க்கலாமென்று துறைமுகத் தெருவுக்குப் போனேன். மீன் ஏலம் விடுகிறவர்களும் வண்டி தள்ளுகிறவர்களுமாக ஒரே கூட்டம். கப்பல் சலவை அறையில் என் வேலைக்குக் கறுப்பு ஷூ கட்டாயமாம். அதை வாங்கிக்கொண்டு நாலு தெரு தாண்டிய பிறகுதான், பாஸ்போர்ட் இருந்த பையைக் கடையிலேயே விட்டது தெரிந்தது. பயந்துவிடாதே, கிடைத்துவிட்டது. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்ததால் ஒரு மணி நேரம் அலைந்தேன். கடைக்கார அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கப்பல் ஏறுற பொண்ணாச்சே, தேடி வருவேன்னு தெரியும். அதான் சாப்பிடக்கூட எழுந்திரிக்கல" என்றார்.

நான் அழுதுவிட்டேன். பை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். உன்னிடம் மறைப்பானேன்? தேடி அலைந்தபோது, பை கிடைக்காமலே போகட்டும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இதை உன் மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

நடுக்கடலில் போன் எடுக்காதாம். அடுத்த துறைமுகத்து முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு, இங்கே குளிர்கிறது. சின்னவன் என்னைக் கேட்கிறானா என்று எழுது. கேட்காவிட்டாலும், கேட்டான் என்றே எழுது.

வரிசையில் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்