நூறு கஜத்துக்குள் ஒரு விசில்

விசில் வந்து சேர்ந்தது, ஐசே.

உன் வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பியிருக்கிறார். நம் பழைய கேம்ப் எலக்ட்ரீஷியன் சாவகச்சேரிக்கு லீவில் போய்த் திரும்பியவர், வளைகுடாவில் நான் இப்போது வேலை பார்க்கிற ஜெபல் அலி வரைக்கும் தேடி வந்து, ஒரு பற்பசை அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். திறந்ததும் தைல வாசனை. விசிலையும் தைலக் குப்பியையும் ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த ஆள் அல்லவா நீ. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். நாக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. தைலத்தால் என்று ரூமில் இருந்தவர்களிடம் சொன்னேன். பாதி உண்மை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஊரில் மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். அன்று எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிற பழக்கம் உனக்குக் கிடையாதே. எதற்கும் ஒரு கடுதாசி எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்கிறவனாயிற்றே.

கேம்பில் யாருக்கும் உன் நிஜப் பெயர் தெரியாது. வாயைத் திறந்தாலே "ஐசே" என்று தொடங்குவாய், அதுவே பெயராகிவிட்டது. நான் காளையார்கோவில் பக்கத்து ஆள், குழாய் பொருத்துகிற கூட்டத்துக்கு ஃபோர்மேன். நீ சாவகச்சேரிக்காரன், வேலையின் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். நான் போடுகிற குழாயில் குறை கண்டுபிடிப்பது உன் உத்தியோகம். பகலில் சைட்டில் சண்டை, சாயங்காலம் ஒரே தட்டில் பரோட்டா. எப்படித்தான் ஒத்துப்போனோமோ!

அந்த எரிவாயுக் குழாய் வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பாதுகாப்பு விதிகளையே பின்பற்றுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதை நாலு பேர் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். நீ படித்தாய், அடிக்கோடு போட்டுப் படித்தாய். குழாய் போகிற வழியில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று பார்த்துத்தான் குழாயின் கனத்தை முடிவு செய்ய வேண்டும். வெறும் பாலைவனம் என்றால் மெல்லிய குழாய் போதும். ஆட்கள் வழக்கமாகக் கூடுகிற இடம் நூறு கஜத்துக்குள் இருந்தால் கனமான குழாய்தான். வழக்கமாக என்றால், இருபது பேருக்குக் குறையாமல், வாரத்தில் ஐந்து நாளாவது, வருடத்தில் பத்து வாரமாவது.

நம் கேம்ப் கட்டடங்கள் தள்ளி இருந்தன. ஆனால் நாம் வாலிபால் ஆடுகிற மணல் தரை குழாய்ப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆபீஸ் வரைபடத்தில் அது காலி மனை. அங்கே மெல்லிய குழாய் போடக்கூடாது என்று நீ ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாய். கொடுத்த நாளன்று நான் உன்னை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

"யோவ் ஐசே, அமெரிக்காக்காரன் சட்டத்துக்கு நம்ம மணல்ல என்னய்யா வேலை?"

"வாயுவுக்குப் பாஸ்போட் இல்லை ஐசே. அது எங்கையும் வெடிக்கும்."

"வேலை முடிஞ்சா நாமளே இங்க இருக்கப் போறதில்ல."

"நாங்கள் போவம். கேம்ப் இருக்கும். வேற ஆக்கள் வருவினம். அவையளும் பந்தடிப்பினம்தானே?"

அதையெல்லாம் கேட்கிற நிலையில் நான் இல்லை. என் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம், தலைப்பிரசவம். அந்தத் துண்டுக் குழாயைப் போட்டு மண் மூடினால்தான் லீவு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கனமான குழாய் கப்பலில் வர வேண்டும். உன் ஒரு காகிதம் என் லீவை விழுங்கிவிடும். மூன்று நாள் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயோ ஒன்றும் நடக்காதது போல என் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட்டாய். அடப்பாவி!

கம்பெனியின் பெரிய முதீர், அதாவது பெரிய மேனேஜர், ஒரு எகிப்துக்காரர், மைதானத்தை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக அறிவித்தார். அப்போதுதான் உன் நோட்டு வெளியே வந்தது. பத்து வாரமாக விசிலோடு ஓரத்தில் உட்கார்ந்து நீ எழுதியதை நாங்கள் ஸ்கோர் என்று நினைத்திருந்தோம். நீ எழுதியதெல்லாம் தலைக்கணக்கு! ஆடுகிறவர் பன்னிரண்டு, வேடிக்கை பார்க்கிறவர் பதினான்கு, சமையற்காரர் ஒருவர், ஆக இருபத்தேழு. தினமும் இப்படியே. நோட்டைப் பார்த்தபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இந்த மனுஷனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. செய்தேன். அதுதான் வினை.

கேம்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், முதீர் வருகிறார் என்றால் என்ன செய்வோம் என்று. கொடியில் தொங்குகிற லுங்கிகள் மறையும். ரூமில் வைக்கக்கூடாத ஸ்டவ் கட்டிலுக்கடியில் போகும். தரையைக் கூட்டி, ஆட்கள் ரூமுக்குள் அடங்கி, இருக்கிற இடம் தெரியாமல் இருப்போம். அதுதான் மரியாதை. அன்றைக்கும் பழக்க தோஷத்தில் அதையே செய்தேன். "ஐசேயோட கேஸு, மானத்த வாங்கிடாதீங்க" என்று எல்லாரையும் விரட்டினேன். வலையைக் கழற்றிச் சுருட்டினோம். கம்பத்தைப் பிடுங்கினோம். மணலைப் பலகையால் இழுத்து மட்டம் பண்ணினோம். ஒரு கால் தடம்கூட இல்லை. அவ்வளவு அழகு.

ஐந்தரை மணிக்கு நீ முதீரோடு காரில் வந்து இறங்கினாய். ரூம் ஜன்னல் வழியாக உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். முதீர் சுற்றிப் பார்த்தார். "மாஃபி நஃபர்" என்றார். ஒரு ஆள் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்கள் கூடுகிற இடம் என்று நிரூபிக்க வேண்டிய நாளில், ஆட்களை எல்லாம் ஒளித்து வைத்திருக்கிறேன்!

இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். உறைத்த அந்த நொடியில் நான் கத்தவில்லை. சும்மா இருந்தால் போதும், முதீர் கிளம்பிவிடுவார், குழாய் மூடிவிடும், பிரசவத்துக்கு ஊரில் இருக்கலாம் என்று மனசு சொன்னது. ஒரு நொடி, கூடிப்போனால் இரண்டு. வெட்கமாக இருக்கிறது, ஐசே. முதீர் கார்க் கதவில் கை வைத்தார்.

அப்புறம்தான் கத்தினேன். "டேய், எல்லாம் வெளிய வாங்கடா! பந்த எடுங்கடா!"

வந்தார்கள் பார். லுங்கியோடு, பனியனோடு, ஒருத்தன் முகத்தில் ஷேவிங் நுரையோடு. சமையற்காரர் கரண்டியோடு. வலையை விரிப்பதற்குள் அது பாதி ஆட்களைச் சுற்றிக்கொண்டது. முதீர் பயந்து இரண்டடி பின்னால் போனார். நீ விசிலை ஊதினாய். ஊதிக்கொண்டே சிரித்தாயா, சிரித்துக்கொண்டே ஊதினாயா தெரியவில்லை, விசில் விட்டு விட்டுக் கேட்டது.

நான் போய் முதீரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் உண்மையைச் சொன்னேன். உங்களுக்கு மரியாதை செய்யத்தான் ஒளிந்தோம், தினமும் இங்கேதான் கிடக்கிறோம் என்றேன். அவர் உன் நோட்டை வாங்கிப் புரட்டினார். இனிமேல் சொல்லாமல் வருவேன் என்று எச்சரித்துவிட்டுப் போனார். சொன்னபடியே அந்த வாரம் நான்கு நாள் வந்தார். நான்காம் நாள் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு சர்வீஸ் போட்டார். பந்து குழாய்ப் பள்ளத்தில் விழுந்தது. "கலாஸ், முடிஞ்சுது, தூரம் நூறு கஜத்துக்குக் குறைவுதான்" என்று நீ சொன்னதும் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் கனமான குழாய்க்கு உத்தரவு போட்டார்.

என் மகளின் முகத்தை நான் பார்த்தது அவள் பிறந்த பதினெட்டாம் நாள். ஏர்போர்ட்டுக்கு என்னை அனுப்ப நீ வந்தாய். மன்னிப்புக் கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். நீயா கேட்பாய்!

"போய் வாரும். பிள்ளை உம்மைப் பாக்கேக்க நீர் முழுசா இருக்கோணும், அவ்வளவுதான்" என்றாய். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "அண்டைக்கு உம்மட சத்தம் ரெண்டு செகண்ட் லேட் ஐசே."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீ கண்ணடித்துவிட்டு, "யல்லா, பிளேன் போயிடும்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய். அன்றைக்கு ஜன்னலில் என்னைப் பார்த்திருக்கிறாய், தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாய். தெரிந்தே என் தட்டில் சாப்பிட்டாய். பிளேன் ஏறி உட்கார்ந்தவன் அழுதேன், அப்புறம் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

இப்போது மகளுக்குப் பத்து வயது. "ஒரு பைப்புக்காக என்னைப் பாக்க லேட்டா வந்த அப்பா" என்று ஃபோனில் வம்பிழுப்பாள். உன் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். அந்தக் கேம்ப் வழியாக மூன்று மாதத்துக்கு முன்னால் லாரியில் போனேன். கீழே நம் குழாய் போகிறது என்று காட்டும் மஞ்சள் எச்சரிக்கைக் கம்பம் வெயிலில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் யாரோ, நமக்குப் பெயர் தெரியாத ஆட்கள், வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி நின்று எண்ணினேன். இருபத்திரண்டு.

இங்கே ஜெபல் அலியில் நான்தான் இப்போது சைட் சூப்பர்வைசர். போன வியாழக்கிழமை பெரிய அதிகாரிகள் கேஸ் லைனைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கேம்புக்குள் போனால் ஆட்கள் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டிருக்கிறார்கள். கேரம் பலகை உள்ளே போகிறது. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ரூமுக்கு நடக்கிறார்கள்.

சட்டைப்பையில் இருந்ததை எடுத்து, மூச்சு கொண்ட மட்டும் ஊதினேன். எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"ஒண்ணையும் எடுக்காதீங்கடா. உக்காருங்க, டீயக் குடிங்க. நாம இங்க இருக்கோம்னு வர்றவங்க பாக்கட்டும்."

நாக்கு எரிந்தது. ஆனால் லேட் இல்லை, ஐசே.