செம்பு குடித்த பாசி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமென்று பத்திரிகையில் வந்த உன் கட்டுரையே சொல்கிறது.

பக்கத்து இரும்புக் கடைக்காரர்தான் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். "அக்கா, உங்க குடோன் சுவரு படத்துல வந்திருக்கு! இனிமே உள்ள வர டிக்கெட் போடுவீங்களா?" என்று கிண்டல் வேறு. பெருமையோடுதான் பிரித்தேன். எங்கோ சில இடங்களில் மட்டுமே இருக்கும் அபூர்வப் பாசி, மற்றச் செடிகளைக் கொல்லும் செம்புத் தண்ணீர்தான் இதற்குச் சோறு என்று அழகாக எழுதியிருக்கிறாய். அடுத்த வரி: "கைவிடப்பட்ட ஒரு கிடங்கின் பின்சுவரில் கண்டேன்."

கைவிடப்பட்டதா? தினமும் அங்கே ஷட்டரைத் தூக்குவது பேயா? சுவரோரம் குவிந்திருந்த பழைய செம்பு யாருடையது? காயலான் கடைக்காரியின் தம்பி என்று சொல்லக் கூசுகிறது, இல்லையா? அந்தக் கடைச் சோறு மட்டும் கூசவில்லை.

உன் எழுத்தைப் பொய்யாக்குவானேன்? செம்பு முழுவதையும் லாரியில் ஏற்றி, அடுத்த தெருவுக்குக் கடையை மாற்றிவிட்டேன். இப்போது அது நிஜமாகவே கைவிடப்பட்ட கிடங்கு. நீயே வைத்துக்கொள்.

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

கோபமென்றால் என்னை நாலு அறை அறை. பாசி என்ன பண்ணிச்சு? நேற்று கேட் ஏறிக் குதித்துப் பார்த்தேன். பாதி கருகிவிட்டது, மீதி இடத்தைச் சாதாரணப் பாசி பிடிக்கிறது. அதற்கு வேர் கிடையாது அக்கா, மேலே வழிவதைத்தான் குடிக்கும். செம்பைக் கழுவி வரும் மழைத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு சரி.

வியாபாரம் நடக்கும் இடமென்றால் ஆயிரம் கேள்வி வரும் என்றுதான் அப்படி எழுதினேன். இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு? ஒரு தகடாவது திரும்ப வை. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பாசிக்கு அத்தனை வரி அழுதிருக்கிறீர்கள். எனக்கு வந்தது "சின்ன விஷயம்".

ஏணி போட்டு நானே ஏறி, சுவர் உச்சியில் நீளமான செம்புத் தகடு ஒன்றை அடித்திருக்கிறேன். மழை அதில் பட்டுத்தான் இறங்குகிறது. பாசியோடு எனக்கென்ன பகை? யார் சோற்றைத் தின்றதோ, அவள் சுவரிலேயே ஒளியாமல் நின்றது.

சருகானாலும் தண்ணீர் பட்டால் உயிர் வரும் என்று முன்னொரு நாள் நீங்கள்தான் சொன்னீர்கள். உண்மைதான், ஓரத்தில் பச்சை தெரிகிறது. எனக்கு அந்தக் குணம் கிடையாது.

சாவி இரும்புக் கடைக்காரரிடம் இருக்கிறது. கேட் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாருங்கள், பாருங்கள், போங்கள். அடுத்த தெருப்பக்கம் வர வேண்டாம்.

இப்படிக்கு,
காயலான் கடைக்காரி