சிவப்புத் துணி

பெங்களூர், 1958

ரஞ்சிதம்,

முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தால் நானே எழுதுகிறேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள்.

இன்று நம் சின்னவன் படிக்கும் விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். தான் பழுதுபார்த்த விமானத்தில், ஓட்டுகிறவரோடு அவனும் ஏறினான். ஏறுமுன் இறக்கைக் குழாயில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தான். அது திருஷ்டித் துணி என்று நினைத்து, "டேய், கழற்றாதே!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்பா, இதுக்குள்ள காத்து போனாத்தான் வேகம் தெரியும். இதை மூடி வச்சுக்கிட்டுப் பறந்தாத்தான் ஆபத்து. இந்தா, நீயே வச்சிரு."

அவ்வளவு பெரிய விமானம் மேலே போனது, ரஞ்சிதம்!

பெரியவன் தங்கச் சுரங்கத்தில் இறங்கி மேலே வராமலே போன நாளிலிருந்து நாம் தரையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்று அண்ணாந்து பார்த்தேன்.

சின்னவன் இறங்கி வந்துவிட்டான். அதுவரை துணியை இறுக்கிப் பிடித்ததில் பெருவிரலெல்லாம் சாயம். ஆனாலும் கைநாட்டு வைக்கவில்லை, பார்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்