புங்கமரத்தை வெட்டச் சொன்னவள்

என்னங்க,

முப்பது வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. தெருமுனை டீக்கடைக்கு டிவிப் பெட்டி வந்திருக்கிறது. திருவேங்கடத்தில் இருக்கும் நம் மகளுக்கு இரண்டாவதும் பெண்; மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. ஆனால் சொல்ல வந்த சேதி வேறு. எட்டு மாதமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

உங்கள் புங்கமரம் இப்போது இல்லை.

தறி ஓட்டச் சங்கரன்கோவிலுக்கு வந்த புதிதில், நம் தெருவில் ஒரு பச்சை இலை கிடையாது. சுவரும் கரண்டுக் கம்பமும்தான். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். ஒருநாள் வாசுதேவநல்லூருக்குப் போனவர், ஈரத்துண்டில் சுற்றி ஒரு கன்றைக் கொண்டுவந்து வாசலுக்கு எதிரே நட்டீர்கள்.

"மனுசனுக்கே ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. இதுக்கு எங்கன போக?" என்று சத்தம் போட்டேன்.

"என் பங்குத் தண்ணிய ஊத்துதேன். நீ ஏன் சடைக்கே?" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் நின்றே குளித்தீர்கள். தெருவே பார்க்க, கோவணத்தோடு! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

மரம் வளர்ந்த பிறகு, வேலை விட்டு வந்ததும் அதன் அடியில் மல்லாந்து கிடப்பீர்கள். "அப்படி என்னத்தப் பாக்கீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எலைச் சத்தம் எனக்குக் கேக்காது. தறி காதத் தின்னுட்டு. அசையறதையாவது பாக்கேன். பாத்தாத்தான் உள்ள அடங்குது."

அன்றைக்கு அரிசி கழுவிய தண்ணீரை நானும் மரத்துக்கு ஊற்றினேன். கவனித்தீர்களா?

போன வருஷ ஐப்பசி மழையில் சாக்கடை வீடுகளுக்குள் ஏறிவிட்டது. அடுப்புக்குள் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டு இசக்கியின் இரண்டு வயது மகளுக்கு வாந்தியும் பேதியும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். அவளை வாங்கி மடியில் வைத்தேன். கனமே இல்லை.

சாக்கடைத் தண்ணீர் போக வாறுகால் கட்டுவதற்கு நகராட்சி ஓவர்சியர் வந்து அளந்து பார்த்தார். வாறுகால் நேராகப் போக வேண்டும், நடுவில் மரம்.

"கொஞ்சம் வளைச்சுக் கொண்டு போகக் கூடாதா அய்யா?" என்று கேட்டேன்.

"வளைச்சா தண்ணி தேங்கும் ஆத்தா. மறுபடி உங்க வீட்டுக்குள்ளதான் வரும். மரத்த எடுக்கச் சம்மதம்னு தெருக்காரங்க எல்லாரும் எழுதிக் குடுங்க. பங்குனியில வேல ஆரம்பிச்சிருவோம்."

மற்ற எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக இசக்கி தாளோடு வந்து நின்றாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவள் போடவில்லை.

"சித்தப்பா வச்ச மரம். நீங்க போடாம நான் போட மாட்டேன் சித்தி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

நான் என்ன செய்ய? சொல்லுங்கள். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

போட்டேன்.

பங்குனியில் மரம் முழுக்கப் பூ. பொரியை இறைத்த மாதிரி தெருவெல்லாம் கிடந்தது. இரண்டு ஆட்கள் காலையில் கோடாலியோடு வந்தார்கள், உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. "வெறகு வேணுமா ஆத்தா?" என்று கேட்டார்கள். வேண்டாமென்று தலையாட்டினேன். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மறுநாள் காலையில் தேனீக்கள் வந்தன. மரம் இருந்த இடத்தில், ஒன்றுமில்லாத வெயிலில், வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன முடியும்?

இந்த ஐப்பசியிலும் மழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. இசக்கியின் மகள் தெருவில் ஓடி விளையாடுகிறாள். யார்மேல் கோபப்படுவது? கோபப்பட்டாலாவது மனசு ஆறும். வேறொரு கன்று வைக்கலாமென்று தெருவை இரண்டு தரம் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் வாறுகால், மறுபக்கம் வீட்டுப் படிகள். ஒரு சாண் மண் இல்லை.

உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒரே ஒரு சத்தியம்தான் இருக்கிறது. மரம் எங்கே என்று யார் கேட்டாலும், ஊர்க்காரர்கள் வெட்டினார்கள், ஓவர்சியர் வெட்டினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அவர் வைத்தார், நான் வெட்டச் சொன்னேன் என்றே சொல்வேன். பேத்திகள் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரி,
கோமதி