இரண்டு நாற்காலிகள்

அக்கா,

இன்று காலை உங்கள் போர்ஷனுக்குக் குடிவரப் போகிறவர் சாவி வாங்க வந்தார். கதவைத் திறந்ததும் உங்கள் காப்பித்தூள் வாசனை இன்னும் அங்கேயே நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரெண்டே ரெண்டு சேர்தான் இருக்கு? வீட்டுக்கு நாலு பேர் வரமாட்டாங்களா?" என்று கேட்டார். எத்தனையோ பேர் வந்தார்கள், ஆனால் ஒவ்வொருத்தராக வந்தார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நாற்காலிகளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் அடி அண்ணாமலைக்கு வந்த புதிதில் உங்களை எனக்குப் பிடிக்கவேயில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில், தையல் கம்பெனிப் பெண்களுக்குச் சங்கம் வைத்தவர், வெள்ளைக்காரர்களின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர் என்று கேள்விப்பட்டு, ஆசை ஆசையாக வீடு கொடுத்தேன். நானும் பஸ் டிப்போவில் கண்டக்டராக இருந்து, கொடி பிடித்து, மைக் பிடித்துத் தொண்டை கிழித்தவன்தானே. ஆனால் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது என் மனைவி காப்பியோடு வந்தால் போதும், பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சிரித்துவிட்டு, எழுந்து உள்ளே போய்விடுவீர்கள். மூன்றாவதாக ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். மறுநாள் அது என் வாசலில் இருந்தது. இவ்வளவு கர்வமா என்று வீட்டில் புலம்பினேன்.

என் மகள் கல்யாணத்தில்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மண்டபத்துக்கு வந்தீர்கள், உள்ளே வரவில்லை. பெண்ணைத் தனியாக கேட்டுக்கு வரச்சொல்லி, கையில் ஒரு புடவையைக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டீர்கள். மறுநாள் காலையில் வந்து சண்டையே போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினீர்கள்.

"உட்காருங்க காம்ரேட். சொல்றேன்."

உங்கள் தாத்தாவின் அப்பா கரும்பு வெட்டக் கப்பலேறும்போது ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துப்போன தமிழ் அது. நடுநடுவே இங்கிலீஷ் விழும். ஜெயிலிலிருந்து விட்ட பிறகு உங்கள்மீது தடை உத்தரவு போட்டார்களாம். ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் இருக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் அது கூட்டம், கூட்டம் என்றால் மறுபடி ஜெயில். வருஷக் கணக்காக அப்படி வாழ்ந்தீர்கள். அந்தக் காலத்தில்தான் உங்கள் வீட்டுக்காரர் இறந்தார்.

"அவரைத் தூக்கினப்போ நான் தெருக்கோடியில ஒரு மரத்தடியில நின்னேன். கிட்டப் போனா அது கூட்டமாம். சட்டத்தை அப்புறம் எடுத்துட்டாங்க காம்ரேட். எனக்குள்ளேருந்து யாரும் எடுக்கலை. மூணாவது ஆள் வந்தா, காலு தானா எழுந்துடுது."

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அதை அப்படியே சொன்னேன்.

பிறகுதான் முனியம்மா விஷயம் வந்தது. பௌர்ணமி முடிந்த விடியலில் கிரிவலப் பாதையைக் கூட்டுகிற பெண்களில் ஒருத்தி. அன்னதானத் தட்டுகளை அள்ளும்போது உடைந்த பாட்டில் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கை ஆறுவதற்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார் கான்ட்ராக்டர். மற்றவர்கள் பயந்து கிடந்தார்கள். நாலு பெண்கள் சேர்ந்து நின்று பேசினாலே மேஸ்திரி பெயரைக் குறித்துக்கொண்டு போவார்.

நான் சும்மா இருப்பேனா? வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, கண்டனக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். நானும், மைக் செட்காரரும், நிழலுக்கு ஒதுங்கிய ஒரு நாயும்தான் கூட்டம். திரும்பி வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. "பயந்தவங்களைக் கூட்டமா கூப்பிடாதீங்க. ஒத்தரை அனுப்புங்க" என்றீர்கள்.

முதலில் முனியம்மா வந்தாள். அப்புறம் அவள் சொல்லி இன்னொருத்தி. கடைக்குப் போகிறவள்போல, கோலமாவு கேட்க வருகிறவள்போல, ஒவ்வொருத்தியாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நீங்கள் ஜாஸ்தி பேசியதாகவே தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு வீட்டில் என்ன கஷ்டம், மேஸ்திரிக்கு ஏன் பயம், வேலை போனால் என்ன ஆகும். டர்பனிலும் இப்படித்தான், தடை உத்தரவில் இருந்துகொண்டே, ஒரு கம்பெனி முழுவதையும் ஒவ்வொருத்தராக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தே ஸ்டிரைக் நடத்தியதாகச் சொன்னீர்கள். மாசங்கள் ஓடின. எனக்குப் பொறுமை போயிற்று, உங்களுக்குப் போகவில்லை.

அந்தப் பௌர்ணமி மறுநாளை எப்படி மறப்பேன்? எல்லாப் பெண்களும் நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள். அவரவர் கூட்ட வேண்டிய இடத்துக்குப் போனார்கள். துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மலையைச் சுற்றிப் பாதை முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு ஒருத்தி. யாரும் யாரோடும் சேரவில்லை, கோஷம் இல்லை. மேஸ்திரி பைக்கில் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தலைவி யார் என்று யாரைக் கேட்பார்? தட்டும் கப்பும் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. மாடுகள் மேய்ந்தன. சாயங்காலத்துக்குள் முனியம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கையுறையும் வந்தது.

அந்த வாரம் பெண்கள் பொங்கல் வைத்து உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்களும் வந்தீர்கள். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள், சரி. இன்னொருத்தி இலையோடு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். இருங்கக்கா, இருங்கக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். முடியவில்லை. எழுந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அந்தச் சட்டத்தை எழுதியவன் செத்து மண்ணாகியிருப்பான். அவன் எழுதியது அடி அண்ணாமலையில் ஒரு பொங்கலைக்கூட உங்களைத் தின்னவிடவில்லை.

அதற்கப்புறம் ரொம்ப நாள் நீங்கள் இருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல்.

உங்களை வண்டியில் ஏற்றும்போது அந்தப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆனால் வாசலுக்கு யாரும் வரவில்லை. தெரு நெடுக, சுடுகாடு வரைக்கும், தள்ளித் தள்ளி ஒவ்வொருத்தியாக நின்றார்கள். எனக்குத் துக்கமும் கோபமும் பொங்க, "இப்பவாவது கிட்ட வாங்கம்மா, எல்லாரும் சேர்ந்து வாங்க" என்று கத்தினேன். முனியம்மாதான் தெருமுனையிலிருந்து சொன்னாள்.

"வாணாம்ணா. கூட்டமா வந்தா அம்மா எழுந்து பூடும்."

வண்டி ஒவ்வொருத்தியையும் கடக்கும்போது, அவள் மட்டும் இரண்டு அடி முன்னால் வந்து, உங்கள் காலைத் தொட்டுவிட்டு, விலகிக்கொண்டாள்.

நாற்காலிகளை இன்று என் வீட்டு வராந்தாவில் கொண்டுவந்து போட்டேன். சாயங்காலம் முனியம்மா வந்தாள். புது கான்ட்ராக்டர் வந்திருக்கிறாராம், வயசாகிவிட்டது என்று ரெண்டு பேரை நிறுத்திவிட்டாராம். எனக்கு உடனே மைக் செட்காரர் ஞாபகம் வந்தது. புத்தி எங்கே போகும்? நாக்கைக் கடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கான நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். உட்கார்ந்தாள். உங்கள் நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வராமல் தூணில் சாய்ந்து நின்றேன். வாசலில் என் மனைவி காப்பியோடு வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டு, டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

முனியம்மா காலி நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ நின்னுகினு கீறியே, நான் எப்டிண்ணா பேசறது? உக்காரு."

உட்கார்ந்தேன், அக்கா.