பொத்தான் போடும் விதம்

மேல்கணக்கு லயம்,
வட்டகொடை,
14-6-1964

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

உன் புருஷன் சோலைமலை எழுதிக்கொள்வது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே நான் சுகம். கொழும்பில் உனக்கும், நீ பார்த்துக்கொள்ளும் கிழட்டுத் துரைக்கும் அவளே காவல்.

எழுத்து என்னுடையது இல்லை என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். கடைக்காரர் பைஸர் எழுதித் தருகிறார். தேயிலைச் செடி வெட்டும்போது கையில் கவ்வாத்துக் கத்தி பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

மழை விட்டபாடில்லை. கூரை சரியாக உன் பாய்க்கு மேலே ஒழுகுகிறது. பாயைச் சுருட்ட மனசில்லாமல் அதன் மேலேயே சட்டியை வைத்திருக்கிறேன். சோறும் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் பொங்கித் தொலைக்கிறேன்.

போன மாதம் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது நம்ம துரை பேசினார். அவர் அப்பாவுக்கு, அதான் உன் கிழட்டுத் துரைக்கு, வந்திருக்கிற நடுக்குவாதத்துக்குச் சீமை டாக்டர்மார் மருந்து தேடுகிறார்களாம். ஆராய்ச்சிக்குப் பணம் போதவில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுக் கைக்காசு வேலை செய்து, அன்றைய கூலியை எல்லாரும் அதற்குக் கொடுக்க வேண்டுமாம். நம்ம கூரைக்குத் தகரம் போட நாதியில்ல, சீமை ஆராய்ச்சிக்கு நாமதான் கிடைச்சோமா என்று வேலாயி முணுமுணுக்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீரய்யா என் பின்னாலேயே வந்தார். கவ்வாத்தில் செடியின் வாது ஒரே வீச்சில் சாய்வாக வெட்டுப்பட வேண்டும் அல்லவா? நான் வெட்டியதெல்லாம் பிளந்து கிடந்தது. பிளவில் தண்ணீர் இறங்கினால் தேயிலைச் செடியே போச்சு. இருபது வருஷமாகப் பிடித்த கத்தியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சோலமல, நாளையிலருந்து புல்லு வெட்டப் போ என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

கிழட்டுத் துரையைக் கப்பலில் கொண்டுபோய் அந்த டாக்டர்மாரிடமே சேர்க்கப் போவதாகவும், துணைக்கு நீயும் இரண்டு வருஷம் போக என் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். சம்மதக் காகிதம் இதோடு வருகிறது. போய் வா. மருந்து கண்டுபிடித்தால் தோட்டத்து ஆளுக்கும் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

காகிதத்தில் பெருவிரல் ரேகைதான் வைத்திருக்கிறேன். மூன்று தரம் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன், பேனா எங்கேயோ ஓடுகிறது. கத்தி பட்டது என்று மேலே சொன்னது பொய். பொய்யை எழுத மாட்டேன் என்று பைஸர் சண்டை போட்டார், நான்தான் எழுத வைத்தேன். துரையின் பெருவிரல் சும்மா இருக்கும்போதும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும் என்று எழுதியிருந்தாயே, எனக்கும் அதேதான். வருஷம் ஒன்றாகிறது. ராத்திரியில் பயமாக இருக்கிறது, நாகு.

அவருக்கு நீ எப்படிச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாய், தேத்தண்ணிக் கோப்பையை எப்படிப் பிடிக்கவைக்கிறாய் என்பதெல்லாம் எழுதினால் எனக்கு விளங்காது. கப்பல் ஏறுமுன் ஒரே ஒரு நாள் வந்து, எனக்குச் செய்து காட்டிவிட்டுப் போ.

நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
சோலைமலை
(பெருவிரல் ரேகை)