விருச்சிகத்துக்கு இரண்டு அதிபதிகள்

செவ்வாய், இரவு

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல வாய் வராது. என் டைரியையே உங்களுக்காகத் திறந்து வைக்கிறேன்.

காலையில் நகரி ஊர் ஜோசியர் நம் பாப்பா ஜாதகத்தைப் பார்த்து, "விருச்சிகம் தண்ணி ராசிம்மா. ஆனா அதிபதி செவ்வாய், நெருப்பு. அடுப்பாண்ட வுடாத" என்றார். போனில் தேடினால் புளூட்டோ என்றது, பாதாளத்துக்கு அதிபதியாம். நான் செவ்வாயைத்தான் நம்பினேன். தீப்பெட்டியை ஒளித்தேன். அடுப்பருகே வைக்க, வாசலில் தரைக்கடியில் உள்ள சம்ப்பிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்தேன். மூடியைப் போட மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் பாப்பா விளிம்பில் குனிந்திருந்தாள்.

"அம்மா, உள்ள ஒரு பாப்பா கீது."

இழுத்து அணைத்துக்கொண்டேன். மூடிமேல் அம்மிக்கல் வைத்திருக்கிறேன். தூக்கத்திலும் அந்தப் பாப்பாவைக் கூப்பிடுகிறாள்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் படித்துவிட்டு, இனி எந்த அதிபதியை நம்புவது என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.